வாசகர் கேள்வி-பதில்: பின்வாங்கிய படையும் அதன் தலைவரும்

ஜொகூர் மாநிலத்தில் 1942 ஜனவரியில் நடந்த மூவார் போரைப் பற்றியும், அப்போரில் விக்டோரியா கிராஸ் விருது பெற்ற சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற ஆஸ்திரேலிய இராணுவ அதிகாரியைப் பற்றியும் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பத்து பகாட்டில் நடந்த ஒரு திருமணத்திற்குப் போய்த் திரும்பும் வழியில் பாரிட் சூலோங் பாலத்தைக் கடந்தோம். அங்கே பெரிய போர் நடந்தது என்று காரில் இருந்த பெரியவர் சொல்லி, ஆண்டர்சன் என்ற பெயரையும் குறிப்பிட்டார். யார் இந்த ஆண்டர்சன்? – ஒரு வாசகர், செந்தூல்

பதில்: சார்ல்ஸ் குரோவ்ஸ் ரைட் ஆண்டர்சன் ஆஸ்திரேலியப் படையில் பெயர் பெற்றவரே தவிர, பிறப்பால் ஆஸ்திரேலியர் அல்லர். 1897 பிப்ரவரி 12 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் பெல்ஜிய நாட்டவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இன்றைய கென்யாவின் நைரோபிக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிப் படிப்பு. பிறகு மீண்டும் ஆப்பிரிக்கா.

முதல் உலகப் போர் மூண்டபோது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் மோதிக்கொண்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குக் கிடைக்கும் இடம் அந்தப் போர்முனைக்குக் கிடைப்பதில்லை. அது புதரும் சதுப்பும் காய்ச்சலும் நிறைந்த காட்டில், மாதக்கணக்கில் நடந்துகொண்டே நடத்திய போர். எதிரில் இருந்த ஜெர்மானியத் தளபதி லெட்டோவ்-வொர்பெக், சிறு படையை வைத்துக்கொண்டு பெரும் படைகளை அலைக்கழித்தவர். ஆண்டர்சன் 1916-இல் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் படையில் அதிகாரியாகி, ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கி அந்தக் காட்டில் போரிட்டு, மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஜொகூர் ரப்பர்க் காடுகளில் அவர் செய்தவற்றுக்கு விதை இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது என் கருத்து.

1931-இல் நைரோபியில் ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் ஆஸ்திரேலியா சென்று, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் யங் என்ற ஊருக்கு அருகில் மேய்ச்சல் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடி அணிந்த, அமைதியான, ஆடு மாடு வளர்க்கும் குடியானவர். இருந்தும் படையில் சேர்ந்து, 1940-இல் 2/19 பட்டாலியனின் துணைத் தலைவராகி, 1941 பிப்ரவரியில் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் லெப்டினன்ட் கர்னல் பதவி உயர்வுடன் அந்தப் பட்டாலியனின் தலைமை அவரிடம் வந்தது.

மலாயாக் காட்டைக் கடக்க முடியாத சுவராகவே பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் கருதியிருந்தார்கள். சாலைகளைக் காத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆண்டர்சன் அப்படி எண்ணவில்லை. காடு இரு தரப்புக்கும் பொதுவானது, அதில் நடமாடத் தெரிந்தவனுக்கே அது அரண் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. பார்வை சில கெஜத் தூரத்திற்கு மேல் எட்டாத இடத்தில் சிறு குழுக்களாகப் பிரிந்து நெருங்கிப் போரிடுவதற்குத் தம் வீரர்களைப் பழக்கினார். ஜப்பானியர் டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய பின் ஒவ்வொரு காப்பு அணியையும் காட்டுவழியே சுற்றி வளைத்து முறியடித்ததைப் பார்க்கும்போது, இந்தப் பயிற்சியின் அருமை விளங்கும்.

கேள்வி: அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பு தோற்று ஓடியது என்றுதானே படித்திருக்கிறோம்? ஓடியவருக்கு எப்படி மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள்? – ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தோற்றது உண்மை. ஆனால் ‘ஓடியது’ என்ற சொல் இங்கே பொருந்தாது. நடந்ததை வரிசையாகப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அதன்பின் கெமாஸ் பகுதியில் தொடங்கி மேற்குக் கடற்கரை வரை ஒரு காப்புக் கோடு அமைத்தார்கள். அதன் கடலோர முனையான மூவார் ஆற்றைக் காக்கும் பொறுப்பு 45-ஆவது இந்தியப் படையணிக்குத் தரப்பட்டது. ராஜ்புதானா ரைபிள்ஸ், கார்வால் ரைபிள்ஸ், ஜாட் ஆகிய மூன்று பட்டாலியன்கள் கொண்ட அந்தப் படையணி சிங்கப்பூரில் வந்திறங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. சிப்பாய்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதைச் சுற்றிய பிள்ளைகள். துப்பாக்கிப் பயிற்சியே அரைகுறை. பழக்கப்படுத்தியிருந்ததோ மத்திய கிழக்கின் வறண்ட நிலத்திற்கு. அவர்களை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீள ஆற்றங்கரையில் பரப்பி நிறுத்தினார்கள். எதிரே வந்தது ஜெனரல் நிஷிமுரா தலைமையிலான ஜப்பானிய அரச காவல் டிவிஷன். ஆற்றங்கரை இரண்டே நாளில் சரிந்ததற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லும் எழுத்துகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்களை அங்கே நிறுத்திய மேலிடத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

நிலைமையைத் தாங்க ஆஸ்திரேலியரின் 2/29 பட்டாலியன் முதலிலும், ஆண்டர்சனின் 2/19 அடுத்தும், மூவாருக்குத் தென்கிழக்கே உள்ள பாக்ரிக்கு அனுப்பப்பட்டன. ஜனவரி 18 காலையில் பாக்ரிச் சாலையில் வந்த ஜப்பானிய டாங்கிகளை ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கின. ஆனால் அன்றே 2/29-இன் தலைவர் கொல்லப்பட்டார். மறுநாள் 45-ஆவது படையணியின் தலைமையகத்தில் குண்டு விழுந்து, பிரிகேடியர் டங்கன் செயலிழந்துபோக, எஞ்சிய இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் அனைத்துக்கும் ஆண்டர்சனே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. பின்னால் யோங் பெங் செல்லும் சாலையை ஜப்பானியர் அதற்குள் அறுத்துவிட்டிருந்தார்கள். உடனே கிளம்பியிருந்தால் தடை குறைவாக இருந்திருக்கும். ஆனால் சிதறிக்கிடந்த ஜாட் பட்டாலியனும் 2/29-உம் வந்து சேரட்டும் என்று பாக்ரிச் சந்திப்பை அவர் விடாமல் பிடித்து நின்றார். அந்தத் தாமதத்திற்காக அவரைக் குறை கூறும் போர் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வேறு படையைச் சேர்ந்த சிப்பாய்களை விட்டுவிட்டு முதலில் தன் ஆட்களை நகர்த்தியிருந்தால், அதையும் யாராவது குறை கூறியிருப்பார்கள்.

ஜனவரி 20 அதிகாலையில் காயமுற்றவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பாரிட் சூலோங் பாலத்தை நோக்கி அணி கிளம்பியது. இருபுறமும் சதுப்பு, நடுவில் ஒற்றைச் சாலை. வெட்டிச் சாய்த்த மரங்களும் கவிழ்த்துப் போட்ட வண்டிகளும் இயந்திரத் துப்பாக்கிகளுமாகத் தடைக்கு மேல் தடை. ஒரு தடையை உடைக்க முடியாமல் தவித்தபோது ஆண்டர்சன் தாமே கையெறி குண்டுகளுடன் முன்னேறி, துப்பாக்கி நிலைகளை அழித்து வழி திறந்தார். வீரர்கள் தங்கள் நாட்டுப்பாடல் ஒன்றை உரக்கப் பாடியபடி பாய்ந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பின்பக்கத்திலிருந்து தாக்குதல் வந்தபோது, ஓரளவு தேறி எழுந்திருந்த பிரிகேடியர் டங்கன் அதை எதிர்த்துப் பாய்ந்து உயிர் விட்டார். ஒரு லெப்டினன்ட் கர்னல் கையெறி குண்டு வீசும் நிலை வந்ததென்றால், அவருக்குக் கீழே எத்தனை அதிகாரிகள் விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

21-ஆம் தேதி பாலத்தை எட்டியபோது அது ஜப்பானியர் வசம் இருந்தது. யோங் பெங் பக்கமிருந்து வர வேண்டிய உதவிப் படை புக்கிட் பெலாண்டோக் கணவாயிலேயே முடங்கிவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் பாலத்தை உடைத்துக் கடக்க முயன்றும் முடியவில்லை. 22-ஆம் தேதி காலையில் வானிலிருந்து கொஞ்சம் உணவும் வலி மருந்தும் போடப்பட்டன. அதன்பின் பீரங்கிகளையும் வண்டிகளையும் அழிக்கச் சொல்லி, நடக்கக்கூடியவர்கள் சதுப்பு வழியே கிழக்கே யோங் பெங் செல்லும்படி ஆண்டர்சன் ஆணையிட்டார். ஆஸ்திரேலியர் சுமார் 500 பேரும் இந்தியர் சுமார் 400 பேரும் தப்பிச் சேர்ந்தார்கள்.

இதில் கிடைத்தது என்ன? சிகாமட் பக்கம் நின்ற பெரும் படைகள் தென்திசை நகர ஒரே வழி யோங் பெங். மூவாரிலிருந்து வந்த அரச காவல் டிவிஷன் அந்தச் சந்திப்பை முதலில் பிடித்திருந்தால், அத்தனை பேரும் ஒரே வலையில் சிக்கியிருப்பார்கள். ஆண்டர்சனின் அணி சில நாள்கள் தாக்குப்பிடித்ததால்தான் அவர்களுக்கு வழி கிடைத்தது. அந்த வழி கடைசியில் சிங்கப்பூர்ச் சரணடைவில் போய் முடிந்தது என்பது வேறு கதை. அதை அந்தச் சாலையில் நின்றவர்கள் அறிய முடியாது. விக்டோரியா கிராஸ் வெற்றிக்குக் கொடுக்கப்படும் விருதும் அன்று. எதிரிக்கு எதிரில் காட்டிய துணிவுக்கு என்பதே அதன் விதி.

கேள்வி: காயம்பட்டவர்களை அவர் எதிரியிடம் விட்டுவிட்டுப் போனார் என்றும், அவர்கள் அனைவரும் கொல்லப்பட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவரை வீரர் என்று எப்படிச் சொல்வது? – ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. விருதுப் பாராட்டுரைகளில் இதற்குப் பதில் கிடைக்காது.

21-ஆம் தேதி மாலையில், மரணத் தறுவாயில் இருந்தவர்களை ஏற்றிய மருத்துவ வண்டிகள் பாலத்தைக் கடக்க அனுமதிக்கும்படி ஆண்டர்சன் தூது அனுப்பினார். படை முழுவதும் சரணடைந்தால் அனுமதிப்போம் என்று ஜப்பானியர் பதில் சொன்னார்கள். அவர் மறுத்தார். வண்டிகள் பாலத்திலேயே தடையாக நிற்க வேண்டும், அசைந்தால் சுடுவோம் என்றார்கள். இருட்டிய பின், தாமே காயமுற்றிருந்த ஓர் இளம் லெப்டினன்டும் ஓர் ஓட்டுநரும் பிரேக்கைத் தளர்த்தி, சரிவில் ஓசையின்றிப் பின்னோக்கி உருளவிட்டு அவற்றை மீட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் அணி கலைந்தபோது, நடக்க இயலாத சுமார் 150 பேர், அவர்களில் ஏறத்தாழ 110 பேர் ஆஸ்திரேலியர், 40 பேர் இந்தியர், அங்கேயே விடப்பட்டார்கள். காயமுற்ற கைதிகளை எதிரி பேணுவான் என்ற போர் மரபை நம்பி விட்டார்கள். ஜப்பானியர் அவர்களை அடித்து, சுட்டு, எரித்துக் கொன்றார்கள். லெப்டினன்ட் பென் ஹாக்னி என்ற ஆஸ்திரேலிய அதிகாரி, கால்கள் உடைந்து குத்துப்பட்ட நிலையிலும் இறந்தவர்போல் கிடந்து, பின் ஊர்ந்து தப்பினார். மீண்டும் பிடிபட்டுச் சிறையில் உயிர் பிழைத்த அவருடைய சாட்சியமே பிற்பாடு உலகுக்கு இதைத் தெரிவித்தது. நிஷிமுரா மானுஸ் தீவில் ஆஸ்திரேலிய இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு 1951 ஜூன் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஆண்டர்சன் சரணடைந்திருந்தால் அந்த 150 பேர் பிழைத்திருப்பார்களா? பிழைத்திருக்கலாம் என்று நம்ப இடமில்லை. போர் தொடங்கியதிலிருந்து ஜப்பானியப் படை கைதிகளை நடத்திய விதமும், சில வாரங்களுக்குப் பின் சிங்கப்பூர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் நோயாளிகளையே வெட்டிச் சாய்த்ததும் அந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கின்றன. ஆகவே கொலைக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயம் ஆகாது; கொலை செய்தவர்கள் வேறு. ஆனால் விட்டுச் செல்லும் முடிவை எடுத்தவர் அவர்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அணியில் எஞ்சிய தொள்ளாயிரம் பேரைக் காக்கும் முடிவும் விழுந்து கிடந்தவர்களைக் கைவிடும் முடிவும் ஒரே ஆணைக்குள் இருந்தன. வீரம் என்றால் களங்கமற்ற செயல் என்று நாம் எதிர்பார்த்தால், போர்க்களத்தில் வீரர் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

கேள்வி: மலாயாப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர் இவர் ஒருவர்தானா? – ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை. உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த் விமானத் தளம் குண்டுவீச்சுக்கு ஆளானபோது, மேலெழ முடிந்த ஒரே பிளென்ஹெய்ம் விமானத்தில், மற்ற விமானங்களின் துணையின்றி, தாய்லாந்தின் சிங்கோராவுக்குப் பறந்து தாக்கியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். உடல் முழுதும் காயத்துடன் அலோர் ஸ்டாரில் விமானத்தைப் பத்திரமாக இறக்கி, உடன் வந்தவர்களைக் காப்பாற்றி, தாம் இறந்தார். விருது 1946-இல் தான் வந்தது. தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார். வடக்கே காரில் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்னொருவர் குவாந்தானில் 1942 ஜனவரி 3 அன்று விமானத் தளத்தைக் காத்த லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் கம்மிங். இந்திய இராணுவத்தின் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் படையைச் சேர்ந்தவர்.

கேள்வி: என் பாட்டனார் மூவார் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்தப் போரில் தமிழர்களுக்கு இடமே இல்லையா? – ஒரு வாசகி, செராஸ்

பதில்: படை வரிசையில் தேடினால், 45-ஆவது படையணியின் மூன்று பட்டாலியன்களும் வட இந்தியர்களையே கொண்டவை. ஆனால் போர் நடந்தது எங்கே? பாக்ரியிலிருந்து யோங் பெங் வரை சாலையின் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள். துரைமார்கள் கிளம்பிப் போன பிறகும் லயங்களில் இருந்த தொழிலாளர்களுக்குப் போக இடமில்லை. அவர்கள் பட்ட பாட்டுக்கு இராணுவ வரலாறுகளில் ஒரு வரிகூட ஒதுக்கப்படுவது அரிது. பாட்டனார் வாய்மொழியாகச் சொன்னது ஏதேனும் வீட்டில் நினைவிருந்தால் எழுதி வையுங்கள், எங்களுக்கும் அனுப்பலாம்.

ஆண்டர்சன் வாழ்க்கையும் நம்மவர் வாழ்க்கையும் நேரடியாகச் சந்தித்த இடம் வேறு. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று வீழ்ந்தது. விருது அறிவிப்பு அதற்கு இரண்டு நாள் முன்புதான் வெளிவந்திருந்தது. ஆக, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்ற கையோடு அவர் போர்க்கைதியானார். அவ்வாண்டு மே மாதம் சாங்கியிலிருந்து பர்மாவுக்கு அனுப்பப்பட்ட முதல் பெரிய கைதிக் குழுவில் அவரும் சென்றார். விமானத் தளப் பணிகளுக்குப் பிறகு, தன்பியூசயாட் முனையிலிருந்து சயாம் நோக்கிப் போட்ட ரயில் பாதையில், ‘ஆண்டர்சன் படை’ என்றே அழைக்கப்பட்ட கைதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். காவலர்களிடம் தம் ஆட்களுக்காக வாதாடுவது அடி வாங்கும் வேலை. சுடப்படும் களத்தில் நான்கு நாள் காட்டிய துணிவைவிட, பசியும் காலராவும் ஆண்ட முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காட்டிய இந்த நிதானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குத் தனியாக விக்டோரியா கிராஸ் கிடையாது.

அதே 415 கிலோமீட்டர் பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்களும் மடிந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டியும், பிறகு லாரியை நிறுத்தி வளைத்துப் பிடித்தும் அழைத்துச் சென்றார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. அவர்களில் தமிழர்களே பெரும்பாலோர். நேச நாட்டுக் கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள்; ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போல் பல மடங்கு. இரு தரப்புக்கும் வேலை ஒன்று, காட்டு மழை ஒன்று, நோயும் ஒன்று. வேறுபாடு எங்கே வந்ததென்றால், கைதிகளிடம் படை ஒழுங்கு இருந்தது. தங்கள் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வை, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று ஆணையிட ஓர் ஆண்டர்சன் இருந்தார். இறந்தவரின் பெயரை எழுதி வைக்க ஒருவர் இருந்தார். தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு போனவர்களுக்கு இவற்றில் எதுவுமில்லை. சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் கதைகளில் ஊர்ப் பெயரும் தேதியும் பெரும்பாலும் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

கேள்வி: போருக்குப் பின் அவர் என்ன ஆனார்? அவருடைய பதக்கத்தை எங்கே பார்க்கலாம்? – ஒரு வாசகர், நிபோங் தெபால்

பதில்: 1945-இல் விடுதலையாகி யங் ஊர்ப் பண்ணைக்கே திரும்பினார். 1949 தேர்தலில் கன்ட்ரி கட்சியின் சார்பில் ஹியூம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார், 1951-இல் தோற்றார், 1955-இல் மீண்டும் வென்று 1961 வரை இருந்தார். அமைச்சர் பதவிக்கு உயரவில்லை. பிற்காலத்தில் கான்பெராவில் குடியேறி, 1988 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போர் ஓய்ந்ததை நினைவுகூரும் அதே நாளில், தொண்ணூற்றோராம் வயதில் காலமானார்.

பதக்கம் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போகலாம். கல்லறை கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் அங்கே தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூவார் சாலையில் மறைந்த ராஜ்புதானா, கார்வால், ஜாட் சிப்பாய்களைத் தேட வேண்டிய இடமும் அதுதான். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக உள்ளன. ஆகவே படைப்பிரிவின் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் தேடுவது எளிது.